வெயில் களிம்பு: அழகுப் பொருளா, மருந்தா?

கடையில் சன்ஸ்கிரீன் குழாய் ஒன்றை வாங்குகிறீர்கள். அது அழகுப் பொருளா, மருந்தா? விடை, நீங்கள் எந்த நாட்டில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது! அமெரிக்கச் சட்டப்படி அது மருந்து. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அழகுப் பொருள். இப்படி இரு பக்கமும் கால் வைத்த பூச்சுகளை விளம்பரங்கள் ‘காஸ்மசூட்டிகல்’ என்கின்றன. அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது.

சட்டத்தை விட்டு இயற்பியலுக்கு வருவோம். சூரிய ஒளியில் 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ளவை புற ஊதாக் கதிர்கள். இவற்றுள் 280 முதல் 315 வரை ‘பி’ வகை. 315 முதல் 400 வரை ‘ஏ’ வகை. ஆற்றல் மிகுந்த ‘பி’ வகை மேல்தோலைச் சிவக்கச் செய்து, உயிரணுக்களின் டி.என்.ஏ.வை நேரடியாகத் தாக்கும். ‘ஏ’ வகை ஆழமாக ஊடுருவி, தோலின் மீள்தன்மையைக் காக்கும் இழைகளைக் கெடுக்கும். சுருக்கம் அதனால்தான்.

களிம்பிலுள்ள துத்தநாக ஆக்ஸைடு இக்கதிர்களைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. அது ஒரு குறைகடத்தி. ஆற்றல் இடைவெளி சுமார் 3.3 எலெக்ட்ரான் வோல்ட். 1240-ஐ 3.3-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 375 நானோமீட்டர். அதைவிடக் குறைந்த அலைநீளமுள்ள கதிர் வந்தால் எலெக்ட்ரான் அதை விழுங்கி மேலே தாவும். பின்னர் அந்த ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. எனவே அது உறிஞ்சப்படாமல் சிதறுகிறது. களிம்பு வெள்ளையாகத் தெரிகிறது.

குழாயின் மேல் எஸ்.பி.எஃப். 15, 30, 50 என்று எண் இருக்கும். 30 என்றால், தோலைச் சிவக்கவைக்கும் கதிர்களில் முப்பதில் ஒரு பங்கு உள்ளே புகும் என்று பொருள். “சார், 15 தடுப்பது 93 சதவீதம், 30 தடுப்பது 97 சதவீதம். நாலு சதவீதத்துக்காகவா கூடுதல் விலை?” என்று ஒரு மாணவி கேட்டாள். கணக்கு சரிதான். ஆனால் தோலைத் தாக்குவது தடுக்கப்பட்ட கதிர் அல்லவே; புகுந்த கதிர்! அது 6.7 சதவீதத்திலிருந்து 3.3 ஆக, பாதியாகக் குறைகிறது.

இந்த எண்ணை அளக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாமோ பெரும்பாலும் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. பிறகு களிம்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, மருந்து என்பதற்குச் சான்று உண்டா? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நம்போர் என்ற ஊர். 1992-இல் அங்கு 1,621 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் தலை, கழுத்து, கைகளில் நாள்தோறும் களிம்பு பூசினர். மற்றவர்கள் தம் விருப்பப்படி. நாலரை ஆண்டுகளில், தினமும் பூசியவர்களிடம் செதிள் உயிரணுப் புற்றுக் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைவு. அடித்தள உயிரணுப் புற்றில் வேறுபாடு இல்லை. அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். அதே மக்களில் 55 வயதுக்குட்பட்டவர்களின் புறங்கையைச் சிலிக்கோன் அச்செடுத்து, தோலின் முதுமையையும் அளந்தார்கள். தினமும் பூசியோரிடம் அது 24 சதவீதம் குறைவு. ஒரே களிம்பு, ஒரே சோதனை. மருந்தும் அழகும் இரண்டும் தேறின. “மருத்துவ குணம் நிறைந்தது” என்று விற்கும் பூச்சுகளில் மிகச் சிலவே இத்தகைய சோதனையைக் கடந்தவை.

நம்போர் மக்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர். நம் தோலில் மெலனின் கூடுதல். இப்புற்று நம்மிடையே அரிது. ஆகவே அந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் மெலனின் குறைவாகவோ இல்லாமலோ பிறக்கும் அல்பினிசம் உடையவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது மருந்தேதான். முகம், கழுத்து, இரு கைகள் சேர்ந்து உடற்பரப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. முறையாகப் பூச ஒரு வேளைக்குச் சுமார் 9 கிராம் வேண்டும். நாளுக்கு ஒரே முறை பூசினாலும் 50 கிராம் குழாய் ஆறாம் நாள் தீர்ந்துவிடும். வெயிலில் வேலை செய்பவர் இரண்டு மணிக்கொரு முறை பூச வேண்டும். அவருக்கு அது இரண்டு நாள்கூட வராது.