வடிகட்டியை நெருக்கினால் இரைச்சலுக்குள் புதைந்த குரல் எப்படி வெளியே வருகிறது?

அந்தமானின் லாங் ஐலண்டில் மழைக்கால இரவில் ஹாம் ரேடியோவைத் திறந்தால் முதலில் கேட்பது யார் குரலுமல்ல. இடைவிடாத 'ஸ்ஸ்ஸ்', நடுநடுவே மின்னலின் படபடப்பு. இப்போது வடிகட்டிக் குமிழைத் திருப்புங்கள். எங்கிருந்தோ ஒரு குரல் எழுந்து வரும். ஒலியைக் கூட்டவே இல்லையே, எப்படி?

சாரல் அடிக்கும்போது சன்னலை அகலத் திறந்து, எதிரே நிற்பவரைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். சாரல் சன்னலின் முழு அகலத்திலும் வரும். ஆள் நிற்பதோ ஒரே இடத்தில். கதவை ஒருக்களித்தால் சாரல் குறையும், ஆள் மறைய மாட்டார்.

வடிகட்டிதான் அந்தச் சன்னல். இரைச்சலும் எல்லாச் சுருதிகளிலும் பரவிக் கிடக்கிறது. பேச்சு புரிய சுமார் 300 முதல் 2700 ஹெர்ட்ஸ் வரை போதும். மோர்ஸ் ஒலிக்கு 500 ஹெர்ட்ஸ் அகலமே தாராளம். பேச்சுக்கான 2400 ஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 500-க்கு இறங்கினால் இரைச்சல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

அப்படியானால் இன்னும் நெருக்கலாமே? ஆசை யாரை விட்டது! பேச்சில் 'ஸ', 'ச' போன்றவை உயர்சுருதியில் இருப்பதால் முதலில் அவைதான் பலியாகும். மோர்ஸிலோ புள்ளி முடிந்த பிறகும் வடிகட்டி ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். அடுத்த புள்ளி அதில் குழம்பும்.

இரைச்சலுக்குள் குரலைப் பிடிப்பது வெறும் பொழுதுபோக்கல்ல. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது பாரதி பிரசாத்தின் ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசிகள் முடங்கிய நேரத்தில் தீவுக்கும் மெயின்லேண்டுக்கும் இடையே அவர்கள் வானொலி வழியே செய்தி போனது.

நீங்கள் கேட்கும்போது அகலமாகத் தொடங்குங்கள். ஆள் சிக்கிய பிறகு மெல்ல நெருக்குங்கள். சொல் மழுங்கினால் ஒரு படி திரும்புங்கள்.