ஈரல் பிழைத்தது, இனி இதயம்

உத்திரமேரூர்ப் பக்கம் ஒருவருக்கு ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோக்கும் மகோதரம் என்று தெரிந்துவிட்டால், அந்தக் காலத்தில் சொந்தக்காரர்கள் பார்க்க வர ஆரம்பித்துவிடுவார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள், உப்பை நிறுத்துவார்கள், செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் வயிற்று நீரை எடுத்துவிட்டுக் கூட்டிவருவார்கள். சில நாளில் வயிறு மறுபடி ஏறும். அவருக்கு நெஞ்சுவலியும் வந்தால் இதய அறுவை என்ற பேச்சே எழாது. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் 1975-லேயே பைபாஸ் செய்துவிட்டார்தான். ஆனால் சுருங்கிப்போன ஈரலால் ரத்தம் உறையத் தேவையானதைச் சுரக்க முடியாது. இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்தால் ரத்தப்போக்கோ கிருமித்தொற்றோ ஆளைக் கொண்டுபோய்விடும்.

இந்த நிலையை மாற்றியது கல்லீரல் மாற்று அறுவை. அதில் காஞ்சி மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பித்தநாளக் கோளாறோடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய்க்கு, இரண்டு வயதுகூட நிரம்பாதபோது, 1998 நவம்பரில் டெல்லி அப்பல்லோவில் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அது. அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டரானார். 2008 செப்டம்பரில், அப்போது இந்த மாவட்டத்தில் இருந்த திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் கொடுத்தார்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று டீக்கடை பெஞ்சுவரை பேசவைத்தது அந்த மரணம். அந்தத் தாய் தகப்பனுக்கு நாம் பட்ட கடன் தீராது. பிறகு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டிலும் அது சேர்ந்தது.

இன்று கவலை வேறு. மாற்று ஈரலோடு பத்து, பதினைந்து வருடம் வாழ்கிறவர்களுக்கு இதயம் முரண்டு பிடிக்கிறது. உடல் புது ஈரலை ஒதுக்கிவிடாதிருக்கத் தினமும் விழுங்கும் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளே சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றிவிடுகின்றன. கொழுப்பு கூடுகிறது, சிறுநீரகம் நலிகிறது. பிறகென்ன, ரத்தக்குழாய் அடைப்புதான்.

ஆனால் இவர்களுக்கு இன்று பைபாஸும் வால்வு அறுவையும் செய்கிறார்கள். மருத்துவ உலகின் அனுபவம் தெம்பு தருவதாகவே இருக்கிறது: மாற்று ஈரல் நன்றாக இயங்கினால் பெரும்பாலோர் அறுவையைத் தாங்கி வீடு திரும்புகிறார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் பயம் அதிகம். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு நெஞ்செலும்புக் காயம் ஆறத் தாமதமாகும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் கிருமி சுலபமாகப் புகும். அறுவைக்காக டாக்ரோலிமஸை நிறுத்திவிடவும் கூடாது. ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்த்து டோஸைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அதனால் இதய நிபுணரும் ஈரல் நிபுணரும் சேர்ந்தே பார்க்கும் இடம்தான் இவர்களுக்குச் சரி.

டாக்ரோலிமஸ் அளவுப் பரிசோதனைக்குக் காலை மாத்திரை போடும் முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். மாற்று ஈரல் வைத்துக்கொண்ட சாலவாக்கத்துக்காரர் ஒருவர் அதற்காகச் சென்னைக்கு முதல் பஸ் பிடிக்கிறார். மாத்திரை சட்டைப்பையில் இருக்கிறது, ரத்தம் கொடுத்த பிறகுதான் வாயில் போடுவார். இந்தச் சிரமத்தைப் பட்டுக்கொண்டு உயிரைக் காப்பவர், அறுவடை முடிந்தபின் வரும் முட்டிவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்கினால் சிறுநீரகம் போய்விடக்கூடும். யாரோ கொடுத்த பம்பளிமாஸ்கூட ரத்தத்தில் மருந்தின் அளவைத் தாறுமாறாக ஏற்றக்கூடும்.

இவர்களுக்கு உள்ளூரிலும் உதவி உண்டு. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-ல் வந்தது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாற்று ஈரல்காரரின் வீடு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரஷர் ஏறினால் அவர்கள் முதலில் நோயாளியின் சென்னை மருத்துவருக்குப் போன் போட வேண்டும். அந்த எண்ணும், சாப்பிடும் மருந்துகளின் பெயரும், 'கல்லீரல் மாற்று' என்ற குறிப்பும் நோயாளியின் சீட்டின் மேலேயே சிவப்பு மையில் இருக்கட்டும்.