பிரிட்ஜ் கதவும் பேரேடும்

சரக்கு நிலவரமும் வரி விவரமும் எழுதி வந்த நாம் இம்முறை வீட்டு பிரிட்ஜைப் பற்றி எழுதுகிறோம். சிரிக்கலாம், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரிக்க வேண்டுகிறோம்.

சென்ற சித்திரையில் பிரிட்ஜில் வைத்த பால் திரிய ஆரம்பித்தது. ஆட்டி வைத்த மாவு மறுநாளே புளித்துப் பொங்கியது. மருமகள் வந்து சொன்னபோது, "நம்பரைக் கூட்டி வை அம்மா" என்றோம். நான்கு ஐந்தாகி, ஐந்து ஏழாயிற்று. மேல்தட்டில் பனி மலைபோல் வளர்ந்தது. 'இவ்வளவு ஐஸ் கட்டுகிறதே, மெஷினில் கோளாறு இருக்காது' என்று நாமே தீர்ப்பும் சொன்னோம். கரண்ட் பில் வந்த பிறகுதான் ஆள் அனுப்பினோம்.

முதலில் வந்தவர், கேஸ் போய்விட்டது, கம்ப்ரசரையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று இருந்தோம். இரண்டாவதாக வந்த பெரியவர் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணாச்சி, ஒரு பத்து ரூபாய் நோட்டு கொடுங்க" என்றார். முன்பணமோ என்று நினைத்துக் கொடுத்தோம். நோட்டைக் கதவிடுக்கில் வைத்து, மூடி, இழுத்துப் பார்த்தார். மேல்பக்கம் பிடித்து நின்ற நோட்டு, கீழ் மூலையில் தொட்டதும் வந்துவிட்டது.

கதவைச் சுற்றியுள்ள ரப்பருக்கு கேஸ்கட் என்று பெயர். அதனுள் காந்தப்பட்டை இருக்கிறது; அதுதான் கதவை இழுத்துப் பிடிக்கிறது. (முன்பு வெளியே கொக்கி இருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தைகள் இறந்துபோனதால், உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956இல் சட்டமே போட்டார்கள்.) பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். ரப்பர் விட்ட இடுக்கில் வெளிக்காற்று ஈரத்தோடு நுழைகிறது. அந்த ஈரம் குளிர்த்தகட்டில் பனியாக உறைகிறது. அது கால் அங்குலம் தாண்டினால் கம்பளி போர்த்தியதுபோல் ஆகி, குளிரைக் கீழே இறங்க விடாது. நாம் பெருமையாகப் பார்த்த பனிதான் பாலைத் திரிய வைத்திருக்கிறது! நம்பரைக் கூட்டக் கூட்ட மெஷின் ஓய்வில்லாமல் ஓடியதுதான் மிச்சம்.

அன்றிரவு கணக்குப்பிள்ளையோடு பேரேட்டைப் புரட்டும்போது அந்தப் பனி மறுபடி நினைவுக்கு வந்தது. மூன்று வருடமாக விற்பனை ஏறுகிறது. கொள்முதலுக்கோ கையில் பணமில்லை. வங்கியில் ஓ.டி. வரம்பை இரண்டு முறை கூட்டியிருந்தோம். ஐந்தொகையில் வரவேண்டிய பாக்கி பெரிய தொகையாகச் சொத்துப் பக்கம் நின்றது. அதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் தைரியமாக இருந்தோம். பெரிய கடைகளின் பாக்கியைக் கேட்டு வாங்கிவிடுகிறோம். பத்தாயிரம், இருபதாயிரம் என்று முகதாட்சண்யத்துக்காக விட்டவைதான் அத்தனையும். பழைய பாக்கி நிற்கும்போதே புதுச் சரக்கு ஏற்றிவிட்டது நாம்தான். வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது.

பனியைச் சுரண்ட மருமகள் கத்தியோடு வந்தபோது பெரியவர் பதறித் தடுத்தார். "கத்தி பட்டுக் குழாய் ஓட்டையானா கேஸ் போயிடும் அம்மா. முதல் ஆள் சொன்னது அப்புறம் நிஜமாயிடும்." சுவிட்சை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, தானாகக் கரையவிட்டார். பிறகு கேஸ்கட்டை மாற்றி, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி முன்கால்களைச் சற்று உயர்த்தினார். செலவு, முதல் ஆள் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பாக்கியையும் அப்படித்தான் கரைக்க நினைத்தோம். ஆனால் இதில் காலக்கெடு உண்டு. உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். 1963ஆம் ஆண்டு லிமிடேஷன் சட்டப்படி, கடனுக்கு விற்ற சரக்கின் பணத்துக்கு 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை பேசாவிட்டால் சரக்கு கொடுத்த நாளிலிருந்தும், பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்தும் கணக்கு. கெடு முடிவதற்குள் 'இவ்வளவு பாக்கி' என்று எழுத்தில் கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். கெடு முடிந்தபின் வாங்கும் வெறும் ஒப்புதலுக்கு அந்தப் பலன் கிடையாது. நம் பேரேட்டில் 41 பெயரில் 9 பெயர் கெடு தாண்டியிருந்தன.

அதில் ஒருவர் இருபது வருடப் பழக்கம். பாக்கி 38,000 ரூபாய். கேட்டால் நட்பு கெடும் என்று கேட்காமலே இருந்தோம். அவரோ நம் தெருப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டு, வேறு மண்டியில் ரொக்கத்துக்கு வாங்கிக்கொண்டிருந்தார். நேரில் போனோம். டீ வரவழைத்துவிட்டு, "நீங்க கேட்டிருந்தா அப்பவே கொடுத்திருப்பேன் அண்ணாச்சி. கேட்காததால உங்க முகத்துல முழிக்க முடியல" என்றார். வாரம் ஆயிரம் என்று அவரே சொன்னார்.

இதுவரை 11 வாரம் தவறாமல் வந்திருக்கிறது. சென்ற திங்களன்று தவணையோடு நின்றுவிடாமல், 2 மூட்டை துவரம்பருப்பும் ரொக்கம் கொடுத்து ஏற்றிப் போனார்.