எஸ்டிமேட் சீட்டோடு ஃபில்டர் வாங்காதீர்கள்

திருச்சி அம்மா மண்டபம் படித்துறையில் காலை வெயில் ஏறுமுன் புதுக் கேமராவோடு நிற்கும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். “சார், இது மாட்டவே மாட்டேங்குது” என்று ஒரு கண்ணாடி வளையத்தை நீட்டுவார்கள். பில் எங்கே என்று கேட்டால், பையிலிருந்து ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு வரும். கடைப் பெயர் இருக்காது, ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்காது. போன மார்கழியில் மட்டும் மூன்று பேர் இப்படி வந்தார்கள்.

அளவு தப்புவதற்குக் காரணம் எளிது. லென்ஸில் 18-55 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 55 மி.மீ. ஃபில்டர் கேட்கிறார்கள். அது லென்ஸின் குவியத் தூரம், வாயின் அளவல்ல. வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் உள்ள எண்தான் ஃபில்டர் அளவு. கேனானின் இ.எஃப்-எஸ் 18-55-க்கு 58. நிக்கானின் ஏ.எஃப்-பி 18-55-க்கு 55, அதற்கு முந்தைய வி.ஆர். லென்ஸுக்கு 52. ஒரே ‘18-55’-க்கு மூன்று அளவு. லென்ஸைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள்.

அடுத்தது, கேமராவோடு கட்டிக் கொடுக்கும் மூன்று ஃபில்டர் காம்போ. அதிலுள்ள யு.வி. ஃபில்டர் ஃபிலிம் காலத்தில் உதவியது. டிஜிட்டல் கேமராவின் சென்சார் முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. மலிவான யு.வி. கண்ணாடியோடு, வைகுண்ட ஏகாதசி இரவில் விளக்கு அலங்காரத்தில் நிற்கும் ராஜகோபுரத்தைப் பிடித்துப் பாருங்கள். கரிய வானத்தில் பச்சைப் பொட்டுகளாக விளக்குகள் தலைகீழாக விழுந்திருக்கும். கழற்றிவிட்டு எடுத்தால் போய்விடும். கீறல் பயம் என்றால் லென்ஸ் ஹூட் போதும்.

தொடக்கக்காரருக்கு உண்மையில் பயன்படுவது சி.பி.எல். எனும் போலரைசர். காவிரித் தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும், தென்னை ஓலையின் பச்சையை மீட்கும், மலைக்கோட்டைக்குப் பின்னால் வானத்தைக் கருநீலமாக்கும். கணினியில் பிறகு திருத்தி இதை அப்படியே கொண்டுவர முடியாது. சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போது நன்றாக வேலை செய்யும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்பதால் அந்தி சாய்ந்ததும் கழற்றிவிடுங்கள். ஓடும் நீரைப் பட்டாக்கிக் காட்டும் என்.டி. ஃபில்டருக்கு முக்காலி வேண்டும். அவசரமில்லை.

போலரைசரைக் கடையிலேயே சோதிக்கலாம். பில் போடும் கணினியின் எல்.சி.டி. திரை முன் பிடியுங்கள். மரை உள்ள பக்கம் உங்கள் கண்ணுக்கு, மறுபக்கம் திரைக்கு. மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கட்டத்தில் திரை கிட்டத்தட்ட இருண்டுவிட வேண்டும். சுழற்றியும் மாற்றமே இல்லையென்றால் அது வெறும் சாம்பல் கண்ணாடி. பணத்தை எடுக்காதீர்கள்.

இனி பில். அதில் லென்ஸின் பெயர், ஃபில்டர் வகை, மி.மீ. அளவு மூன்றையும் எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால், ‘நீங்களே தப்பாகக் கேட்டீர்கள்’ என்று கடைக்காரர் கைவிரிப்பார், உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது. பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற அச்சு வரியைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள்.

இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம் ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைப் படமெடுத்து, தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். எடையளவுச் சட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால் மனு மேசை மேசையாக நகர்ந்து கடைசியில் அங்கேதான் வரும், உங்கள் 30 நாள் அதற்குள் கரைந்துவிடும். தீபாவளிக்கு இனிப்புக் கடைகளில் சோதனை நடத்தும் அதிகாரிகள் கேமராக் கடை அலமாரியையும் திறந்து பார்க்க வேண்டும். மனு வந்தால்தான் போவோம் என்று உட்கார்ந்திருப்பது சரியல்ல.

பணம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் கடைக்குப் பதிவுத் தபால். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அது சமரசம் பேசும், தீர்ப்புச் சொல்லாது. அதுவும் பலிக்காவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஆன்லைனில் வெளியூர்க் கடையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டு வரை அவகாசம் உண்டு. புகார், பில் நகல், பெட்டியின் படம், தபால் ரசீது இவற்றோடு இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். எஸ்டிமேட் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று திருச்சியில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. என்.டி. ஃபில்டரை மாட்டிக் கேமராவின் கண்துளை வழியே சூரியனைப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களை இன்னும் சந்திக்கிறேன். என்.டி. 1000 வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒன்றாகத்தான் குறைக்கிறது. சூரியனுக்கென்றே செய்த ஃபில்டர் லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்த பிறகுதான் தெரியவரும். 2027 ஆகஸ்ட் 2 மாலை பகுதி கிரகணம் வருகிறது. அன்றைக்கு என்.டி.யோ, ஒன்றாக ஒட்டிய இரண்டு போலரைசர்களோ, எக்ஸ்ரே ஃபிலிமோ வேண்டாம். சூரிய ஃபில்டர் இல்லையென்றால் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள்.