ஆற்றைத் தாண்டும் ஐந்து சென்டிமீட்டர்

திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயிலில் நின்று வடக்கே பார்த்தால், காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் கண்ணுக்கு நேரே தெரியும். இடையில் ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர். இப்படி ஆற்றின் இரு கரையிலும் இரண்டு மொட்டைமாடிகளில் வெள்ளைத் தட்டு ஆன்டெனாக்களை வைத்து, ஒரு சிறு இணைய நிறுவனம் அக்கரைக்கு இணைப்புக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

கண்ணுக்குத் தெரிந்தால் அலையும் போய்ச் சேரும் என்று தோன்றும். அது போதாது. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்து சென்டிமீட்டர்தான், சுண்டுவிரல் அளவு. ஆனால் நடுவழியில் அதற்குச் சுற்றிலும் ஆறரை மீட்டர் ஆரத்துக்கு வெட்டவெளி வேண்டும். ஃபிரனெல் மண்டலம் என்று இதற்குப் பெயர். தென்னை ஒன்று உள்ளே தலை நீட்டினாலும் இணைப்பின் வேகம் குறையலாம்.

ஆறும் சும்மா இருப்பதில்லை. கோடையில் மணல்மேடும் நாணலும் தம்மீது படும் அலையைச் சிதறடித்துவிடும், தொல்லை இல்லை. மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்ததும் காவிரி கண்ணாடியாகிறது. நீரில் பட்டுத் தெறித்த அலை நேராக வந்த அலையோடு சேரும்: முகடும் முகடும் கூடினால் வலு, முகடும் பள்ளமும் கூடினால் இழப்பு. சித்திரையில் நன்றாக ஓடிய இணைப்பு ஆடியில் தடுமாறலாம். எனக்கு இது இன்றும் வியப்பு!

இந்த அலைக்கு உரிமம் வேண்டாமா? திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. அதை வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்துக் கேட்பதற்கே தபால் நிலையத்தில் பணம் கட்டி உரிமம் வாங்கிய காலம் இருந்தது. இப்போது அப்படியில்லை: 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸும், 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸும் உரிமமின்றித் திறக்கப்பட்டன. இணையச் சேவை நடத்த உரிமம் தனியே வேண்டும். அலைவரிசையை ஏலம் எடுக்க வேண்டியதில்லை. சிறு நிறுவனங்கள் நிற்பது இந்தத் தரையில்தான். ஆனால் பக்கத்து வீட்டு வைஃபையும் அதே தரையில் நிற்கிறது. இரைச்சல் என்று புகார் சொல்ல வழியில்லை.

2025 மே மாதம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை திறக்கும் வரைவு விதிகளை வெளியிட்டது. அதில் சக்தி வரம்பு வீட்டுக்குள் 1 வாட், வெளியே வெறும் 25 மில்லிவாட். காரணம் இருக்கிறது: தரையிலிருந்து செயற்கைக்கோளுக்குத் தொலைக்காட்சி ஏறிச் செல்லும் பாதைகளில் ஒன்று இதே அலைவரிசை. சுவர்கள் கசிவை அடக்கும், மொட்டைமாடி அடக்காது. ஆகவே புதிய இடம் வீட்டு ரவுட்டருக்குத்தான், மாடித் தட்டுக்கு இல்லை. ஒரே ஆறுதல், வீட்டு வைஃபை மெல்ல 6 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்தால் பழைய 5இல் நெரிசல் குறையும்.

எனக்கு அது போதவில்லை. 2020இல் இதே பகுதியைத் திறந்த அமெரிக்கா, வெளியிலும் கூடுதல் சக்தியை அனுமதித்தது. எந்த இடத்தில் எந்த அலைவரிசை ஆகும் என்பதைக் கணினிப் பட்டியல் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடும்; வானை நோக்கிச் செல்லும் சக்திக்கும் அங்கே வரம்பு உண்டு. நம் தட்டு மாடியில் ஆணியடித்து நிற்பது, இடம் மாறாது. அது பார்ப்பதும் வானத்தை இல்லை, ஸ்ரீரங்கத்தை.