எலி பிடிக்க எது நல்ல மாசம்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு தேடும்போது ஏதாவது ஒரு டீம் "வயல் எலியை விரட்டும் அல்ட்ராசோனிக் கருவி"ன்னு கையைத் தூக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தச் சத்தம் எலிக்குச் சில நாளிலேயே பழகிடும். அதனால சர்க்யூட் வரையறதுக்கு முன்னாடி எலியைப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்குவோம் வாங்க.

பொம்மையார்பாளையத்தில் இருந்து ஈ.சி.ஆர். வழியா மரக்காணம் போனா கண்ணுக்குத் தெரியறது உப்பளம். கொஞ்சம் மேற்கே திரும்பினா ஏரிப்பாசன வயல்கள். அந்த வரப்புகளில் முக்கியமான எதிரி கரம்பை எலி. வளை தோண்டி, மண்ணை வாசலில் குவிச்சு, உள்ளே இருக்கும்போது வாசலை மண்ணாலேயே அடைச்சுக்கும். ஈரமான புது மண் தெரிஞ்சா ஆள் வீட்டில் இருக்கார்னு அர்த்தம்.

இப்போ முக்கியமான கேள்விக்கு வருவோம்: எப்போ பிடிக்கணும்? கதிர் அறுபட்டுக் கிடக்கிறதைப் பார்த்த பிறகுதான் பலர் பொறி தேடுவாங்க. அதுக்குள்ள காரியம் கெட்டிருக்கும். வயல் எலி பெருகறது பயிரோட வளர்ச்சியைப் பொறுத்தது. நெல் கதிர் கட்ட ஆரம்பிச்சதும் நல்ல உணவு கிடைக்கும், இனப்பெருக்கம் வேகம் எடுக்கும். கர்ப்பகாலம் சுமார் 3 வாரம்தான். ஒரு ஈட்டுக்கு 6, 8 குட்டிகள்கூடப் போடும். நட்ட சில வாரத்துக்குள்ள ஒரு பெண் எலியைப் பிடிச்சா அறுவடைக்குள்ள வரப்போற ஒரு கூட்டத்தையே தடுத்த மாதிரி. வயல் தரிசா கிடக்கும் கோடையும் நல்ல நேரம். எலிகள் குறைவா இருக்கும், வரப்பிலேயே ஒதுங்கி நிற்கும்.

இன்னொரு விதி: ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் பிடிக்கணும். நீங்க மட்டும் பிடிச்சா பக்கத்து வயல் எலி காலி வளைக்குக் குடிவந்துடும்.

எதால பிடிக்கறது? டெல்டா பக்கம் தஞ்சாவூர் கிட்டி இருக்கு. வளைச்சுக் கட்டிய மூங்கில், ஒரு கயிறு, கொஞ்சம் இரை. எலி இரையை இழுத்ததும் பிடி நழுவும், மூங்கில் நிமிரும், கயிறு இறுகும். வளைஞ்ச மூங்கிலில் சேமிச்ச ஆற்றல்தான் மோட்டார். பேட்டரி வேண்டாம்.

நம்ம மாவட்டத்தில் இந்த வேலையை நல்லாத் தெரிஞ்சவங்க இருளர்கள். வளையைச் சுத்திப் பார்த்து, தப்பி ஓடும் வாசல்களை எல்லாம் மண்ணால அடைப்பாங்க. அப்புறம் மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, துளை வழியா வாயால் ஊதி, வளைக்குள்ள மூட்டம் போடுவாங்க. விஷம் இல்லை. அதனால எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பாம்புக்கும் ஆபத்தும் இல்லை. விஷம் வெச்சுச் செத்த எலியைத் தின்னா ஆந்தையும் சாகலாம், அடுத்த வருஷம் எலி இன்னும் கூடும்.

ஆனா அந்தப் பானையில் ஒரு டிசைன் கோளாறு உண்டு. ஊதறவர் நெஞ்சுக்குள்ளயும் புகை போகும், கையும் உதடும் சுடும். இதை ஒரு பொறியியல் பிரச்சினையா பார்த்த ஒரு தொண்டு நிறுவனம், கையால் சுத்தற விசிறி வெச்ச இரும்பு உருளையை இருளர்களுக்காக உருவாக்குச்சு. 2003ல் உலக வங்கியின் போட்டியில் அந்த யோசனைக்குப் பரிசும் கிடைச்சது. யாரோட அறிவையும் மாத்தலை, புகை போற திசையை மட்டும் மாத்தினாங்க.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருக்கு. அறுவடை முடிஞ்ச பிறகு வளையைத் தோண்டினா, எலி சேர்த்து வெச்ச நெல்லும் இருளர்களுக்குக் கிடைக்கும். விவசாயிக்கோ நட்ட உடனே எலி பிடிச்சாதான் லாபம். அந்த நேரத்தில் வளையில் நெல் இருக்காது. அதனால அப்போ வந்து பிடிக்கறவங்களுக்கு நியாயமான கூலி கொடுத்தாகணும். அந்தக் கூலி, விஷத்துக்கும் இழந்த நெல்லுக்கும் போற பணத்தோட ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

ப்ராஜெக்ட் செய்யறவங்களுக்கு மூணு வேலை சொல்றேன். ஒண்ணு, புகை உருளையை எடை குறைச்சு, விலை குறைச்சு செய்யுங்க. ரெண்டு, ஊர் முழுக்க நடவுத் தேதியைச் சேர்த்து "இந்த வாரம் பிடிங்க"ன்னு சொல்ற ஒரு செயலி செய்யுங்க. மூணு, வளையில் கை விடறவங்களுக்கு நல்ல கையுறை. எலியோட சிறுநீரில் இருந்து எலிக்காய்ச்சல் தொத்தும், கையில் கீறல் இருந்தா இன்னும் சுலபம்.

முதல் ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு நாள் அவங்ககூட வரப்பில் நடந்துட்டு வாங்க.