“டியூப் அடைச்சிருக்காம்!” – எக்ஸ்ரே படமும் ஏமாற்றும்

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும். “விசேஷம் ஏதும் உண்டா?” என்று அக்கம்பக்கத்தார் துளைத்து விடுவார்கள். கேள்வி எல்லாம் பெண்ணிடம்தான்! பிறகு ஆஸ்பத்திரி. ஒரு நாள் எக்ஸ்ரே படம் கைக்கு வருகிறது. “அவளுக்கு டியூப் அடைச்சிருக்காம்” என்ற பேச்சு வீடு முழுக்கப் பரவுகிறது. மாமியார் முகம் மாறுகிறது.

அந்தப் படம் சொல்வது அத்தனையும் நிஜமா?

கருப்பையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கருக்குழாய் இருக்கிறது. நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். கருப்பையை ஒட்டிய இடத்தில் துவாரம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். ஆணின் உயிரணுவும் பெண்ணின் முட்டையும் சந்திப்பது இந்தக் குழாய்க்குள். வழி அடைத்தால் சந்திப்பு ஏது?

அதைப் பார்க்கத்தான் ‘எச்.எஸ்.ஜி.’ படம். மாதவிலக்கு தொடங்கிய 10 நாளுக்குள், ரத்தப்போக்கு நின்றபின் எடுப்பார்கள். கருப்பை வாய் வழியாக அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து குழாயில் ஓடி, நுனி வழியாக வயிற்றுக்குள் சிந்தினால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். மாதவிலக்கு வலி போலச் சுருக்கென்று வலிக்கும்.

வில்லங்கம் எங்கே?

மருந்து ஏறும்போது கருப்பைத் தசை சுருங்கிக்கொண்டால், குழாய் வாசலிலேயே மருந்து நின்றுவிடும். சளி போன்ற கசடு அடைத்தாலும் அப்படித்தான். படத்தில் ‘அடைப்பு’ என்று விழும். குழாயோ நன்றாக இருக்கும்! வாசலில் அடைப்பு என்றால் மறுபடி படம் எடுப்பார்கள். அல்லது லேப்ராஸ்கோப் கருவியை வயிற்றுக்குள் விட்டு, நீலச் சாயம் செலுத்தி நேரில் பார்ப்பார்கள்.

நுனியில் அடைத்து, நீர் கோத்து வீங்கிய குழாய் வேறு சங்கதி. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, ‘டெஸ்ட் டியூப்’ முறையையும் கெடுக்கும். அதனால் முதலில் அந்தக் குழாயை எடுத்துவிடுவதும் உண்டு. நம் நாட்டில் காசநோயும் குழாயைக் கெடுக்கிறது, இருமலே இல்லாமல்கூட!

நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. 1,119 பெண்களில் ஒரு பாதிக்கு எண்ணெய் மருந்து, மறுபாதிக்கு நீர் மருந்து விட்டு இதே சோதனை. 6 மாதத்துக்குள் எண்ணெய்ப் பிரிவில் 100-க்கு சுமார் 40 பேர் கருவுற்றார்கள். நீர்ப் பிரிவில் 29 பேர்.

கணவரின் விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. அதை முடிக்காமலே மனைவியைப் படம் எடுக்க அனுப்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.